இருபத்தோராவது பெட்டி

மற்ற ஊர்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே பாலக்காடு மாவட்டம் முதலமடையிலிருந்து மாங்காய் வட இந்தியச் சந்தைகளுக்குக் கிளம்பிவிடும். லாரியில் ஏற்றியது 20 பெட்டி, சீட்டில் எழுதியது 21 என்று வைத்துக்கொள்வோம். இறக்குகிற ஆள், "ஒண்ணு குறையுதே" என்பார். சி மொழியில் எழுதிய புரோகிராம் கேட்காது. 21வது பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தால், அதையும் பெட்டி என்றே எடுத்துக்கொண்டு போகும்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது ஏறக்குறைய இதுதான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், 20 விவரங்களே தரப்பட்டிருக்க 21வதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டியது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் இயங்கும் மென்பொருள் அது. எனவே கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. மைக்ரோசாப்ட் கணக்குப்படி மொத்தம் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். ஐதராபாத்தில் விமானப் பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

எல்லை தாண்டுவது சி குடும்பத்து மொழிகளின் பழைய வியாதி. தன் நிறுவனம் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் நினைவகத் தவறுகளே என்று 2019இல் மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் சொன்னார்கள். பிறகு ஏன் சி? வேகம்தான் காரணம். டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழியில் 1973இல் யூனிக்ஸ் திருப்பி எழுதப்பட்டபோது, அசெம்பிளி பக்தர்கள் மத்தியில் சியே சொகுசு மொழிதான்.

வேகத்துக்கு எவ்வளவு விலை? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். தானே நினைவகத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் 'கோ' என்ற உயர்நிலை மொழியில், 'பிஸ்கட்' என்ற பெயரில் ஒரு கெர்னல் எழுதினார்கள். 2018இல் வெளியான முடிவு: அதே வேலைக்கு சியைவிட 5 முதல் 15 சதவிகிதம்தான் மெதுவு. 2017இல் லினக்ஸில் சரிசெய்யப்பட்ட 65 ஆபத்தான ஓட்டைகளை ஆராய்ந்ததில், 40இல் கோ மொழி நிலைமையை மேம்படுத்தியிருக்கும் என்று தெரிந்தது. எட்டு அடியோடு மறைந்திருக்கும். மீதி 32இல் திருடன் உள்ளே நுழைவதற்குப் பதில் கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கும்.

நின்றுபோவதும் நஷ்டம்தான். மொழியை மாற்றினால் மட்டும் அந்த ஜூலை நாள் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திருட்டைவிடப் பூட்டிய கடை மேல்.

கோடிக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் திருப்பி எழுதுவதும் நடக்காத காரியம். கூகுள் வேறு வழி பிடித்தது. ஆண்ட்ராய்டில் பழையதைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, புதிதாக எழுதுவதை மட்டும் ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியது. 2019இல் 76 சதவிகிதமாக இருந்த நினைவக ஓட்டைகளின் பங்கு 2024இல் 24ஆகக் குறைந்தது. லினக்ஸ் கெர்னலும் 2022 டிசம்பரில் ரஸ்டுக்குக் கதவு திறந்தது.

பெட்டிகளை எண்ணுவது நேர விரயம் என்பது ஐம்பது ஆண்டு வாதம். எண்ணாமல் விட்டதற்கான கூலியை 2024இல் கொடுத்தது, விமான நிலைய வரிசையில் நின்ற பயணி.