ஈயம் முதிரும் காலம்

‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அடுக்களையில் பிறந்த இம்மொழி வார்ப்புப் பட்டறைக்கும் பொருந்தும். சோறு ஆறியதும் உண்ணலாம். சில உலோகங்களோ ஆறிய பின்னும் பயன்படுத்தத் தகுதி பெறுவதில்லை. சில நாள், சில வேளை சில வாரம், அவற்றைத் தொடாமல் வைத்திருந்தால்தான் உரிய வலிமை வந்து சேர்கிறது. இதனை முதிர்தல் என்பர். காரீயம் முதிரும் விதத்தை இன்று ஆராய்வோம்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1791 நவம்பரில் ஆங்கிலப் படை அக்கோட்டையைத் தாக்கி, மேற்கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. அக்காலத் துப்பாக்கிகளுக்குரிய குண்டுகள் காரீயத்தால் ஆனவை. இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, குறடு போன்ற அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். காத்திருக்கத் தேவையில்லை. தூய ஈயம் இன்று எவ்வளவு மென்மையோ, அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அவ்வளவே. நகத்தால் கீறினாலும் தடம் பதியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கிகள் பெருகின. குண்டின் வேகம் மிகுந்தபோது மென்மையான ஈயம் அவ்வரிகளைப் பற்றி நிற்க மாட்டாமல் வழுக்கி, குழலின் உள்ளே அப்பிக்கொண்டது. எனவே, ஈயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தனர். அப்போது புதுமை ஒன்று புலப்பட்டது. வார்த்த அன்று ஓரளவே கடினமாயிருந்த குண்டு, இரண்டு வாரம் கழிந்ததும் மேலும் கடினமாயிற்று. எடையும் மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. பின் மாறியது யாது?

கற்கண்டு செய்வதை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் நீர் மிகுதியான சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். பாகு ஆறும்போது அவ்வளவையும் தாங்க மாட்டாமல், மிஞ்சிய சர்க்கரை நூலின்மீது படிகமாக வெளிப்படும். ஈயமும் இவ்வாறே. சுமார் 252 டிகிரி சென்டிகிரேடில், திட நிலையிலேயே, அது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஆன்டிமனியைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அறை வெப்பநிலையிலோ கால் விழுக்காடு அளவே தாங்கும். மிஞ்சியது வெளியேறியே தீரவேண்டும். ஆனால், பாகில் சர்க்கரை நகர்வதுபோல இறுகிய உலோகத்தில் அணுக்கள் விரைந்து நகர முடியாது. அவை மெல்ல நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக ஆங்காங்கே கூடுகின்றன. அதற்குத்தான் காலம் வேண்டும்.

துகள்கள் கூடினால் கடினம் ஏன் வரவேண்டும்? ஓர் உலோகம் வளைகிறது என்றால், அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன என்று பொருள். வழவழப்பான தரையில் விரித்த பாயை எளிதில் இழுக்கலாம். தரையெங்கும் சிறு முளைகள் இருந்தால் பாய் ஒவ்வொன்றிலும் சிக்கும். ஆன்டிமனித் துகள்களே அந்த முளைகள்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது ஆறவிட்ட முறையைப் பொறுத்தது. காற்றில் மெல்ல ஆறிய வார்ப்பில், ஆறும்போதே ஆன்டிமனியின் ஒரு பகுதி பருந்துகள்களாகப் பிரிந்துவிடும். ஆகவே, பின்னர் ஏறும் கடினம் குறைவு. அதன் பெரும்பகுதி முதல் இரண்டு வாரங்களில் வந்துவிடும். அச்சிலிருந்து சுடச்சுட நீரில் வீழ்த்திய வார்ப்பில் ஆன்டிமனி வெளியேற வழியின்றி உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். அது சில மணி நேரத்திலேயே விரைந்து முதிரத் தொடங்கும். ஒரு வாரத்திற்குள் பெரும்பகுதி கடினம் பெறும். சிறிதளவு ஆர்செனிக் சேர்ந்திருப்பின் இவ்வேலை மேலும் விரைவுபடும். பிரினெல் அளவுகோலில் தூய ஈயத்தின் கடினம் ஏறத்தாழ 5. ஆன்டிமனி சிறிது கலந்து காற்றில் ஆறியதற்கு 10 முதல் 12 வரையும், நீரில் தோய்த்து முதிர்ந்ததற்கு 20 வரையும் வரக்கூடும். ஆகவே, வார்த்த அன்றே அளந்து பார்த்து முடிவு கட்டுபவர் ஏமாந்து போவார்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மாதங்கள் பல செல்லும்போது, சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களுடன் சேரும். முளைகளின் எண்ணிக்கை குறைய, ஈயம் சிறிது சிறிதாக மீண்டும் மென்மையாகும்.

இவையெல்லாம் அடுப்பில் வைக்காமலே நிகழ்வது எவ்வாறு? ஈயம் 327 டிகிரியில் உருகுகிறது. கெல்வின் அளவில் இது ஏறத்தாழ 600. நம் அறையின் வெப்பமோ 300 கெல்வின். அதாவது, நம் மேசைமேல் கிடக்கும் ஈயம் தன் உருகுநிலையில் பாதி வெப்பத்தில் இருக்கிறது. இரும்பை அந்நிலைக்குக் கொணர 630 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். நமக்குக் குளிர்ந்ததாகத் தோன்றும் ஈயம், அணுக்களின் கணக்கில் சூடாகவே இருக்கிறது.

குண்டு வார்த்தல் இன்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றோர்க்கே உரியது. ஆயினும் இதே விதி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் பெருந்தொழில் ஒன்றுக்கு அடிப்படையாய் நிற்கிறது. லாரிகளும் இருசக்கர வண்டிகளும் உருவாகும் இவ்வட்டத்தில் எக்சைடு நிறுவனத்தின் பாட்டரித் தொழிற்சாலையும் உண்டு. ஈயப் பாட்டரியின் ஒவ்வொரு தகட்டிற்கும் எலும்புக்கூடு போன்றது, கிரிட் எனப்படும் வலைச்சட்டம். 1859-இல் பிளான்டே அமைத்த முதல் ஈயப் பாட்டரியில் தூய ஈயத் தகடுகளே இருந்தன. 1881-இல் செல்லன் என்பவர் ஆன்டிமனி கலந்த சட்டத்தைக் கொண்டுவந்தார். பராமரிப்பு வேண்டாத இக்காலப் பாட்டரிகளில் ஆன்டிமனிக்குப் பதிலாக மிகச் சிறிதளவு கால்சியம் சேர்க்கின்றனர். அதுவும் முதிரும் கலவையே. புதிதாய் வார்த்த சட்டம் தொய்வுடையது. உடனே எந்திரத்தில் ஏற்றி ஈயப் பசையை அப்பினால் வளைந்துவிடும். எனவே அதனை அடுக்கி வைத்து, முதிர்ந்தபின் பசை இடுவது இத்தொழிலின் வழக்கம். அவசரத்தில் பிறந்த தகடு, வண்டி நடுவழியில் நிற்கும்போதுதான் தன் குறையைச் சொல்லும்.

அலுமினியத்திலும் இவ்வுண்மை உண்டு. 1906-இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றி நீரில் தோய்த்தார். இரண்டு நாள் கழித்து அளந்தபோது அது கடினமாகியிருந்தது. டூராலுமின் எனப் பெயர் பெற்ற அக்கலவையே விமானத் தொழிலை வளர்த்தது. அதன் காரணத்தை 1919-இல் மெரிக்காவும் அவர் துணைவர்களும் விளக்கினர். 1938-இல் கினியேயும் பிரஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர்களால் அந்த நுண்கூட்டங்களின் சான்றைக் கண்டனர்.

மாணவர்களே, இவ்வளவு கேட்டபின் ஈயத்தை உருக்கிப் பார்க்க ஆவல் தோன்றலாம். அது கூடாது. பழைய பாட்டரியை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவோர், தம்மையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் நஞ்சுக்கு ஆளாக்குகின்றனர். உடலில் புகுந்த ஈயம் எலும்பில் பல்லாண்டு தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என ஒன்று இதில் இல்லை. 2001-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டு விதிகளும், பழைய பாட்டரி உரிய வழியில் திரும்பச் சேர வேண்டும் என வகுத்துள்ளன. உங்கள் வீட்டுப் பாட்டரி பழுதானால் விற்பனையாளரிடமே ஒப்படையுங்கள். அந்த ஈயம் தக்க ஆலையில் மீண்டும் உருகி, மீண்டும் சட்டமாகி, முதிரும் நாளை எதிர்நோக்கி அடுக்கில் அமரும்.