எந்த மூட்டை நின்று எரியும்? பெல்லட் வாங்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்!

குளிர் தொடங்கிவிட்டால் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி நாடுகளின் கடைகளில் 15 கிலோ பிளாஸ்டிக் மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவை மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகள். பெயர், பெல்லட். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு இதுதான் எரிபொருள். அங்கே குடியேறும் நம்மவர்களுக்கும் முதல் குளிர்காலத்தில் வரும் குழப்பம் ஒன்றுதான். எல்லா மூட்டையிலும் பச்சை மரத்தின் படம், ‘பிரீமியம்’ என்ற எழுத்து... எதை எடுப்பது?

தப்பான மூட்டை வாங்கினால், வெளியே பனி கொட்டும் நடுராத்திரியில் அடுப்பு அணைந்துபோகும்.

பெயரைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள்

ஒரே ஆலையின் பெல்லட் இரண்டு மூன்று பெயர்களில் விற்பனைக்கு வருவதுண்டு. ஐரோப்பாவில் நம்பிப் பார்க்கக்கூடியது ‘இ.என்.பிளஸ்’ தரமுத்திரை. ஏ1, ஏ2, பி என மூன்று தரங்கள். முத்திரையோடு நாட்டின் குறியீடும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடினால், சான்றிதழ் யாருடையது என்று தெரிந்துவிடும். எண் இல்லாத முத்திரை என்றால் மூட்டையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டு அடுப்புக்கு ஏற்றது ஏ1. ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குள், சாம்பல் 0.7 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்தது 4.6 யூனிட் வெப்பம் தர வேண்டும். அதாவது, ஒரு மூட்டைக்கு 69 யூனிட்.

சாம்பல் சொல்லும் கணக்கு

காய்ந்த மரம் எதுவானாலும் எடைக்கு எடை வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் தெரிவது சாம்பலில். ஒரு குளிர்காலத்துக்கு 100 மூட்டை எரிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏ1 என்றால் அதிகபட்சம் பத்தரை கிலோ சாம்பல். பி தரத்துக்கு 2 சதவிகிதம் வரை அனுமதி உண்டு. அப்போது 30 கிலோ!

மரப்பட்டையும் மண்ணும் கலந்திருந்தால் சாம்பல் உருகிக் கட்டி தட்டும். காற்று வரும் துளைகள் அடைபட்டு, தீ மங்கி, கண்ணாடி கறுத்துவிடும். மூட்டைக்கு அரை யூரோ மிச்சம் பிடித்தால் சீசனுக்கு 50 யூரோ மிஞ்சும். ஒரு தடவை மெக்கானிக் வந்துபோனால் அது கரைந்துவிடும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

அரிசி மூட்டையில் ஒரு பிடி அள்ளிப் பார்ப்போமே, அதேதான் இங்கேயும். முதலில் மூன்று பிராண்டில் இரண்டிரண்டு மூட்டை மட்டும் வாங்குங்கள்.

* மூட்டையின் அடியில் தூள் அதிகம் தேங்கியிருந்தால் வேண்டாம். அந்தத் தூள் அடுப்புக்குள் பெல்லட்டைத் தள்ளும் திருகில் அடைத்துக்கொள்ளும்.
* குச்சி வழவழப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும்.
* நிறத்தை நம்பாதீர்கள். வெளுப்போ கறுப்போ, அது மரத்தின் நிறம்.
* அடுப்பைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரே அளவு சூட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எரியுங்கள். ஆறிய சாம்பலைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

ஜெயித்த பிராண்டை மொத்தமாக வாங்கலாம். அடுத்த வருடம் மறுபடி சோதியுங்கள். ஆலைக்கு வரும் மரம் மாறினால் தரமும் மாறும்.

விலையும் மாறும். 2022-ல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பா தடை போட்டது. எரிவாயு விலைக்குப் பயந்தவர்கள் பெல்லட்டை வாங்கிக் குவித்தார்கள். ஜெர்மனியில் ஒரு டன் விலை 700 யூரோவைத் தாண்டியது. கோடையிலேயே வாங்கி வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

வாங்கி வைப்பதிலும் கவனம் தேவை. ஈரம் பட்டால் பெல்லட் ஊதி, மறுபடி மரத்தூளாகிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், குவித்து வைத்த பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறும். வாசனை இல்லாத விஷவாயு இது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மூடிய பெல்லட் கிடங்குக்குள் இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். மூட்டைகளைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்பு இருக்கும் வீட்டில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் கட்டாயம் வேண்டும்.

இந்தக் குளிருக்கு முதல் மூட்டை வாங்கும்போதே, அந்த அலாரத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்!