பேர் வெள்ளிக்கு, கீர்த்தி வேறொன்றுக்கு

ஜெர்மனியில் சாக்ஸனிப் பிரதேசத்தைச் சேர்ந்த ஃபிரைபர்க் நகரம், பல நூற்றாண்டுகளாக வெள்ளிச் சுரங்கங்களாலேயே ஜீவித்து வந்த ஊர். அதையடுத்த ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் 1885-ஆம் ஆண்டில், அறிந்த கனிமம் எதனோடும் பொருந்தாத தாது ஒன்று அகப்படவே, அவ்வூர்ச் சுரங்கக் கலாசாலைப் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதைப் பரிசீலித்து, புதிய கனிமமே என்று நிச்சயித்து, வெள்ளி செறிந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘ஆர்கிரோடைட்’ என நாமகரணம் செய்தார்.

பெயரில் குறை சொல்ல இடமில்லை; எடையில் சுமார் முக்கால் பங்கு வெள்ளிதான். புதிதாக உடைத்த முகம் செம்மைச் சாயல் படிந்த எஃகு நிறமாய்ப் பளபளத்து, நாளடைவில் கறுத்துவிடும். நீரைவிட ஆறு மடங்கு கனமாயினும், செப்புக்காசால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருதுவானது.

அதன் கூறுகளை அளந்தறியும் பொறுப்பு அதே கலாசாலையின் ரசாயனப் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளரிடம் வந்தது. வெள்ளி, கந்தகம், சொற்ப அளவில் இரும்பு, பாதரசம், துத்தநாகம் எல்லாவற்றையும் கூட்டியும், எத்தனை முறை சோதித்தாலும், நூற்றுக்கு ஆறேழு பங்கு கணக்கில் வராமலே நின்றது. வேறொருவராயின் கைப்பிசகு என்று ஒதுக்கியிருப்பார். விங்க்ளரோ மாதக்கணக்கில் விடாது முயன்று, 1886 பிப்ரவரி 6-ஆம் தேதி, வடித்தெடுத்த திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாராளமாக ஊற்றியபோது, வெண்ணிறப் படிவு ஒன்று திரண்டு இறங்கிற்று. அதுவரை யாரும் கண்டிராத ஒரு மூலகம் கந்தகத்தோடு கூடிய சேர்க்கை அது. அம்மூலகத்துக்கு அவர் இட்ட பெயர் ஜெர்மானியம். காலியம் ஃபிரான்ஸையும், ஸ்காண்டியம் ஸ்காண்டிநேவியாவையும் நினைவூட்டும் மூலகப் பெயர்களாய் அதற்கு முன்பே வந்துவிட்டன. தேசாபிமானம் அந்நாளில் ரசாயன சாஸ்திரத்தையும் விட்டுவைக்கவில்லை!

ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1871-லேயே, தாம் வகுத்த மூலக அட்டவணையில் சிலிகானுக்குக் கீழே இருந்த காலியிடத்துக்குரிய மூலகத்தின் அணு எடை 72 என்றும், ஒப்படர்த்தி 5.5 என்றும் கணித்திருந்தார். விங்க்ளர் கண்ட அணு எடை 72.32, ஒப்படர்த்தியும் ஏறக்குறைய அதுவே. கண்ணால் காணாத வஸ்துவின் குணங்களை முன்கூட்டியே எழுதிவைத்தவரின் வாக்கு பலித்ததை உலகுக்குக் காட்டிய சாட்சி என்பதாலேயே இக்கனிமத்துக்குக் கீர்த்தி வந்ததேயன்றி, அதிலுள்ள வெள்ளியினால் அன்று.

இக்காலத்தில் இக்கனிமத்தின் படிக அமைப்பைத் தழுவி, வெள்ளிக்குப் பதில் லித்தியத்தையும், ஜெர்மானியத்துக்குப் பதில் பாஸ்பரஸையும் வைத்துச் செய்யும் கந்தகச் சேர்மங்களை, திரவமில்லாத பேட்டரிகளுக்காக ஆராய்ந்து வருகின்றனர். வெள்ளி இம்மியும் கலவாத அவற்றையும் ‘ஆர்கிரோடைட்’ என்றே வழங்குகின்றனர்.