முதுகுப் பைக்குள் ஒரு தூண்டில்

இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றோரம் மலையேறப் போகிறவர்களுக்கு ட்ரவுட் பிடிக்கும் ஆசை வரத்தான் செய்யும். "எந்தத் தூண்டில் கோல் நல்லது?" என்று என்னைக் கேட்டால், "முதலில் போலி இரையின் எடையைப் பாருங்கள்" என்பேன்.

அங்கே 2 முதல் 5 கிராம் ஸ்பின்னர் போதும். வீசும்போது இந்த எடைதான் கோலை வளைக்கிறது. கோல் நிமிரும் வேகத்தில் இரை பறக்கிறது. நம்ம ஸ்பிரிங் பாடம்தான்! தடித்த கோல் 3 கிராமுக்கு வளையுமா? ஆகவே 1-7 கிராம் என்று அச்சிட்ட, நான்கு துண்டாகக் கழலும் ஆறடிக் கோல் வாங்குங்கள். ரீல் 1000 அளவு. தங்கூஸ் நரம்பு 4 பவுண்டு. தடித்த நரம்பு வளையங்களில் உரசி, இரை போகும் தூரத்தைக் குறைத்துவிடும். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் அடங்கும்.

மெல்லிசு நரம்பு அறுந்துடாதா? ரீலின் டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்குத் திருகி வையுங்கள். மீன் இழுத்தால் நரம்பு விட்டுக்கொடுக்கும். அறுந்தால் கொக்கியோடு தவிப்பது மீன்தானே! அதனால் மும்முனைக் கொக்கிக்குப் பதில், எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கியையே நான் சொல்வேன்.

மீன்வளத் துறை உரிமம் அவசியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் இனம் பெருகும் காலம், பிடிக்கத் தடை. அப்போது மலையை மட்டும் ரசியுங்கள்!