மானுக்குக் கேட்காத சட்டை எது? மார்கழிக் குளிரில் காட்டுப் பக்கம் போகும் முன் ஒரு துணிப் பாடம்!

கூடங்குளத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்? ஊரில் கடல் உண்டு, காற்றாலை உண்டு, அணு உலை உண்டு. குளிர் மட்டும் கிடையாது. அணுமின் நிலையப் பணிக்காக இங்கே தங்கியிருக்கும் ரஷ்யர்களுக்கு நம்ம தை மாதமெல்லாம் கோடைக்காலம்தான்!

ஆனால் அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் வந்துவிட்டால் ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கிளம்பும். முண்டந்துறை, மாஞ்சோலை, கொடைக்கானல், முதுமலை என்று ஆளுக்கொரு திசை. பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மான் பார்க்கலாமா?" உடனே பரண் மேலிருந்து பழைய ஸ்வெட்டர் இறங்கும். அதில் பாச்சை உருண்டை வாசம் எட்டு ஊருக்கு அடிக்கும். மான் அப்போதே ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'குளிரில் மான் பார்க்க என்ன உடை' என்று போனில் தேடினால் வந்து விழுபவை பெரும்பாலும் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கான யோசனைகள். அங்கே இலையுதிர் காலமும் முன்பனிக்காலமும்தான் மான் வேட்டை சீசன். உரிமம் வாங்கிக்கொண்டு, உறைபனியில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் 'சத்தம் போடாத, குளிர் தாங்குகிற துணி எது' என்பதைப் பல தலைமுறையாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊரில் கதையே வேறு. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், கேளையாடு எதையும் வேட்டையாடக் கூடாது, மீறினால் சிறை. 1998-ல் ராஜஸ்தானில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் இரண்டு வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில், இருபது வருடம் கழித்து 2018-ல் நடிகர் சல்மான் கானுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார் என்பது தனிக்கதை. ஆகவே வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் கடன் வாங்கப்போவது துணிப் பாடத்தை மட்டும்தான். துப்பாக்கிக்குப் பதில் கண்ணும் கேமராவும் போதும்.

நம்ம மாவட்டத்திலேயே ஒரு மான் சரணாலயம்

திருநெல்வேலிக்கு வடக்கே, நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது கங்கைகொண்டான். சிப்காட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கேயே புள்ளிமான்களுக்கென்று ஒரு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது பலருக்குத் தெரியாது. 288 ஹெக்டேர் சொச்சம்தான் பரப்பு. பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்கு ஒரு சரணாலயம் இருக்கிறது. வெளிமானுக்குப் பெயரில்தான் மான். விலங்கியல்படி அது மான் குடும்பமே அல்ல. மாட்டோடும் ஆட்டோடும் சேர்ந்த இரலை இனம்.

கங்கைகொண்டானை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை போன்ற பெரிய காட்டில் ஒரு மான் மிரண்டால் இன்னும் உள்ளே ஓடும். இதுபோன்ற சின்னக் காட்டில் மிரண்டால் எங்கே ஓடும்? ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஊர், நாய்கள். பயமே மானைக் கொல்லும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அளவுமீறி மிரண்டு ஓடிய மானின் தசைகள் சிதைந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட அது செத்துப்போவது உண்டு. நம்ம ஜெர்க்கின் போடும் 'சரக் சரக்' சத்தம் அதற்கு வெறும் சத்தம் அல்ல.

காதைப் படைத்தவன் தாராளமாகப் படைத்திருக்கிறான்

மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கு 30 வரை கேட்கும் என்று ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம்ம புள்ளிமான் வேறு இனம் என்றாலும் அதே குடும்பம்தான். காது இரண்டையும் தனித்தனியாகத் திருப்பிவேறு கேட்கும். ஒரு காது புல்லுக்கு, ஒரு காது உங்களுக்கு!

நைலான் ரெயின்கோட்டும் பளபளக்கும் ஜெர்க்கினும் உரசும்போது கிளம்புவது கீச்சான, உயர்ந்த சத்தம். மனிதப் பேச்சு காட்டில் கொஞ்சம் கலந்துவிடும். இந்தச் செயற்கை இழைச் சத்தம் கலக்காது. காட்டில் அதுபோல வேறு எதுவுமே இல்லை. கடையில் ஒரு துணி சத்தம் போடுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கையை உள்ளே விட்டு, காதருகே வைத்து, நகத்தால் மேலே சுரண்டிப் பாருங்கள். 'பர்ர்' என்றால் வைத்துவிடுங்கள். போர்வையைத் தடவுவதுபோல் ஊமையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கம்பளி, ஃப்ளீஸ், நிறையத் துவைத்து மெத்தென்று ஆன தடிமனான பருத்தி ஆகியவை ஊமைத் துணிகள். ஆஸ்திரியாவின் திரோல் மலைப் பகுதியில் 'லோடன்' என்று ஒரு துணி. கம்பளியை நெய்து, தண்ணீரில் சுருங்கவிட்டு, அடர்த்தியாக்கிச் செய்வது. மழைத்துளி உள்ளே சட்டென்று இறங்காது, கிளையில் உரசினாலும் சத்தம் வராது. அந்த ஊர் வேட்டைக்காரர்களின் கோட்டு இன்றும் அதுதான். ரஷ்யாவில் ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்யும் 'வாலென்கி' பூட்ஸும் இதே சாதி.

நம்ம பக்கத்து எதிரிகள் பட்டியல் தனி. கஞ்சி போட்ட வேட்டி, பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், சட்டைப்பையில் சில்லறை, சாவிக்கொத்து, பேக்கில் ஒட்டிப் பிரியும் வெல்க்ரோ, சிப்ஸ் பாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே பாப்பாவின் கொலுசு! நடந்தால் 'பீப் பீப்' என்று கத்தி, லைட் எரியும் ஷூவும் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவருக்குக் காட்டுப் பக்கம் வேலை இருந்திருக்காது. ஜிப்பின் நுனியில் தொங்கும் இரும்புத் துண்டை எடுத்துவிட்டு ஒரு நூல் கயிறு கட்டிவிட்டால் அந்த 'டிங் டிங்'கும் போச்சு.

வெள்ளைச் சட்டைக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. மங்கலான பச்சை, பழுப்பு போலத்தான் தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பு போடும் ரகசியம் இதுதான். மான் கண்டுகொள்ளாது, இன்னொரு வேட்டைக்காரர் கண்டுகொண்டு சுடாமல் இருப்பார். முண்டந்துறைப் புலிக்கு ஆரஞ்சுத் தோல் வாய்த்ததும் இதே கணக்கில்தான். நமக்கு அது தீப்பிழம்பு. அதற்கு இரையாகும் மானுக்கு அது புதர்.

ஆனால் நீலத்தில் மான் நம்மைவிடக் கெட்டி. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் கொஞ்சமும் அதற்குத் தெரியும். ஆக, எல்லோர் வீட்டிலும் இருக்கும் நீல ஜீன்ஸ் இங்கே தோற்ற கட்சி. அதைவிட மோசம் வெள்ளை. 'பளிச் வெண்மை' தரும் சலவைத்தூள்களில் கலந்திருக்கும் பொருள், புற ஊதா ஒளியை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி விடும். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் மானுக்கு அந்தச் சட்டை டியூப்லைட்!

பழுப்பு, மண் நிறம், மங்கிய பச்சை போதும். ராணுவப் புள்ளி போட்ட டி-ஷர்ட் வேண்டாம் என்பது என் கருத்து. ரிசர்வ் காட்டோரம் அந்த உடையில் விடிகாலையில் ஒருவர் நடந்தால், வனக்காவலர் நிறுத்தி நாலு கேள்வி கேட்பது நியாயம்தானே. இருட்டில் ஹெட்லைட் டார்ச்சோடு அலைவது அதைவிட ஆபத்து. கள்ளவேட்டைக்காரர்களின் வழி அது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவதே குற்றம்.

குளிருக்கு ஒன்று தடிமனா, மூன்று மெல்லிசா?

மூன்று மெல்லிசுதான். சூடு தருவது துணி அல்ல. துணிக்குள் சிக்கி நிற்கும் காற்று. ஒரே ஒரு முரட்டு ஜெர்க்கினைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று போட்டால் இடையிடையே காற்று நிற்கும். வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், நின்றால் மாட்டலாம்.

இந்தக் 'கழற்றி மாட்டுவது'தான் பலர் கோட்டைவிடும் இடம். நடக்கும்போது உடம்பு சூடாகி வேர்க்கும். அந்த ஈரத்தோடு பாறையில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர்வதுபோல் இருக்க வேண்டும். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து, நின்ற பிறகு போட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பை ஒட்டிப் போடும் பனியனில்தான் நமக்குச் சிக்கல். பருத்தி நம்ம வெயிலுக்கு வரம். ஆனால் நனைந்த பருத்தி சூட்டை உறிஞ்சும், லேசில் காயாது. கம்பளியோ தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. கதகதப்பும் முழுசாகப் போகாது. இது நெல்லைக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். கொடைக்கானல் குளிர் பெரும்பாலும் காய்ந்த குளிர். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைப்பது நனைந்த குளிர். மழை, மூடுபனி, கூடவே அட்டை. அங்கே பேன்ட்டை நீளமான சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது அழகுக்காக அல்ல!

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. இலங்கையிலும் இங்கேயும் அவர்களைக் காத்தது தலையோடு போர்த்திய முரட்டுக் கம்பளிதான். அந்தச் சொல் வெள்ளைக்காரத் துரைகளின் வாயில் 'கம்ப்ளி'யாகி, அவர்களின் கணக்குப் புத்தகங்களிலும் ஏறியது.

கம்பளி உறுத்தும் என்பவர்களுக்கு ஃப்ளீஸ் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு மில் உருவாக்கிய பாலியெஸ்டர் துணி அது. எடை இல்லை, சத்தம் இல்லை, சீக்கிரம் காயும். குறை இரண்டு: காற்று உள்ளே புகும், நெருப்புப் பொறி பட்டால் உருகி ஒட்டும். குளிர்காய உட்காரும்போது பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். காற்றைத் தடுக்க மெல்லிய விண்ட்சீட்டர் வேண்டுமென்றால், அதை ஃப்ளீஸுக்கு வெளியே போடாமல் உள்ளே போடுங்கள். காற்றும் நிற்கும், சத்தமும் அமுங்கும். வேட்டைக்காரர்களிடம் சுட்ட யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

இதற்காகப் பெரிய பிராண்டுக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. குளிர் நாடுகளுக்குப் போகும் பின்னலாடைகளைத் தைப்பதே நம்ம திருப்பூர்தான். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஊட்டி போனால் திபெத்தியர்களின் ஸ்வெட்டர் கடைகள் இருக்கின்றன. அந்த ஸ்வெட்டர் எல்லாமே கம்பளி என்று நம்பிவிடாதீர்கள். பாதிக்கு மேல் அக்ரிலிக் என்றுகூட லேபிளில் இருக்கலாம், படித்துப் பாருங்கள். கொடைக்கானல் போகிறவர்கள் மன்னவனூர் பக்கம் ஒரு எட்டுப் போனால், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் மெல்லிய ரோமம் தரும் பாரத் மெரினோ ஆடுகளையே பார்க்கலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

காலுக்கு ஒரு வார்த்தை. குளிருகிறதே என்று ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் கால் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, முன்னைவிட அதிகமாகச் சில்லிடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸும், விரலை ஆட்ட இடமும் போதும். உட்காரும் இடத்தில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். பாறை உறிஞ்சும் சூடு கொஞ்சமல்ல. தாத்தா பாட்டி உடன் வந்தால் ஜீப்பில் முன் சீட்டில், காதை மூடி, கழுத்தில் துண்டு சுற்றி உட்காரவையுங்கள். ஓடும் திறந்த ஜீப்பில் காற்று அடித்து, உள்ளதைவிடக் குளிர் அதிகம் தெரியும். யாராவது நடுங்கி நடுங்கி, பிறகு பேச்சுக் குழற ஆரம்பித்தால் அது விளையாட்டல்ல. ஈர உடையை மாற்றி, போர்த்தி, சூடாகச் சர்க்கரை போட்ட டீ கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 'ரெண்டு பெக் அடிச்சா சரியாகிடும்' என்பது தப்பு. மது தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும்.

கடைசியில் மூக்கு

துணி ஊமையாக இருந்து, நிறமும் சரியாக இருந்து, தலையில் நாலு முழம் மல்லிகைப்பூ இருந்தால் என்ன பயன்? மானின் மூக்குக்கு முன் காதும் கண்ணும் ஒன்றுமில்லை. சென்ட், தைலம், துணிக்குப் போடும் வாசனைத் திரவம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பாச்சை உருண்டை ஸ்வெட்டரை இரண்டு நாள் முன்பே கொடியில் காயப்போடுங்கள்.

காற்றாலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் உங்கள் வாசம் உங்களுக்கு முன்பே மானிடம் போய்ச் சேர்ந்துவிடும். மலையடிவாரத்தில் விடிகாலையில் குளிர்காற்று மேலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் திசை மாறி மேலே ஏறும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்துவிட்டீர்களா? கேமராவுக்கு முன் அதன் முன்னங்காலைப் பாருங்கள். தரையில் ஓங்கித் தட்டி, வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டினால், உங்களைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். அப்படியே அசையாமல் நில்லுங்கள். வால் கீழே இறங்கி, தலை மறுபடி புல்லுக்குப் போனால் மூச்சு விடலாம். இறங்கவில்லை என்றால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.