காய்ச்சலை மறந்த குருதி

வன்னிக்கு மாற்றம் என்றதும் உத்தியோகத்தர் நடுங்கிய காலம் ஒன்றுண்டு. காட்டானையைக் காட்டிலும் அவர்கள் அஞ்சியது முறைக்காய்ச்சலுக்கே. மலேரியா எனப்படும் அக்காய்ச்சல், குளங்களும் காட்டாறுகளும் மலிந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் ஆண்டுதோறும் வந்துபோயிற்று.

1934 ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மாஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின; குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. ஏழு மாதங்களுள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பெருஞ்சேதம் நேர்ந்ததோ, காய்ச்சலுக்குப் பேர்போன வன்னியை விட்டு, செழிப்பான கேகாலை, குருநாகற் பக்கங்களிலேயாம். இஃது எங்ஙனம்?

நம் வெண்குருதிக் கலங்கள், உடலினுள் நுழைந்த பகைக்கேற்பப் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்குகின்றன. போர் முடிந்த பின்னரும் சில கலங்கள் அப்பகையை நினைவிற்கொண்டு காத்திருக்கும். சின்னமுத்து ஒருமுறை வந்தவரை மீண்டும் அணுகாமை இந்நினைவினாலேயே. இதனை நிர்ப்பீடனம் என்பர். நோயின்றி அந்நினைவை மாத்திரம் ஊட்டுவது தடுப்பூசி.

மலேரியாக் கிருமியோ பெரிய வேடதாரி. முதலில் ஈரலிலும், பின் செங்குருதிக் கலங்களினுள்ளும் மறைந்துறையும். வெளியே காட்டும் சட்டையை அடிக்கடி மாற்றும். ஆகவே பன்முறை காய்ச்சலில் விழுந்தெழுந்தவருக்கே ஓரளவு காப்புக் கிட்டும். அதுவும் நோயின் கடுமையைத் தணிக்குமேயன்றி அறவே தடுக்காது. வன்னி மக்கள் பெற்றிருந்தது இக்காப்பே. அதற்கு விலை கொடுத்தோர் குழந்தைகள். கிருமியேறிய கலங்களை வடித்தகற்றும் மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளி நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! ஓரூரின் காய்ச்சல் நிலையை அறிய, அக்காலத்து வைத்தியர் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரலையே பார்த்தனர். "அந்தக்காலத்து உடம்பு" என்று பெருமை பேசுவோர், காப்புப் பெறுமுன் மறைந்த மழலைகளைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

போர்க்காலத்திலும் வடக்கையும் கிழக்கையும் விடாத இந்நோய் பின்னர் அடங்கியது. 2012 ஒக்டோபரிலே இந்நாட்டின் கடைசிச் சுதேச நோயாளர் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கிற்று.

மகிழ்ச்சியே. ஆயினும் கிருமி மீண்டும் மீண்டும் தீண்டாவிடின் அக்காப்புத் தேய்ந்துவிடும். இன்று எம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் வன்னிப் பிள்ளையின் குருதி, 1934 இற் கேகாலையார் குருதியைப் போன்றதே. நோய் காவும் நுளம்போ நாட்டை விட்டு அகலவில்லை. தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் புதிய இனமொன்று 2016 இறுதியில் அயலிலுள்ள மன்னாரிற் காணப்பட்டது.

எனவே ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பிய உறவினருக்குக் காய்ச்சல் கண்டால், கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. அன்றே அரசாங்க வைத்தியசாலையிற் குருதியைச் சோதிப்பிக்க வேண்டும். சென்று வந்த நாட்டை நாமே எடுத்துச் சொல்லவும் வேண்டும்; இளம் வைத்தியர் பலர் இந்நோயைப் புத்தகத்திலே கண்டவரேயன்றி நோயாளரிடத்துக் கண்டவரல்லர்.