கிழவர் கையில் நல்ல காசு

சிதம்பரத்தில் நடராசரைப் பார்த்துவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். கோயிலுக்கு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு சிவன் கோயில் வரும். பழைய பெயர் திருப்புலீச்சரம். ஊரார் சொல்வது இளமையாக்கினார் கோயில். ஒரு கிழவனையும் கிழவியையும் குளத்தில் மூழ்கவைத்து, இளைஞனாகவும் இளம்பெண்ணாகவும் எழுப்பி அனுப்பிய சாமி. தலைக்குச் சாயம் பூசுவதற்கு நம்மவர்கள் செலவழிக்கிற காசைப் பார்த்தால், இந்தக் கோயில் வாசலில் எந்நேரமும் கூட்டம் அலைமோத வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருநீலகண்டர் தில்லையில் மண்பாண்டம் வனைந்தவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவர் தொண்டு. இளவயதில் ஒருநாள் வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். மனைவி சிவன் பெயரால் ஆணையிட்டார், இனித் தொடக்கூடாது என்று. கணவரும் அதற்குக் கட்டுப்பட்டு, எந்தப் பெண்ணையுமே மனத்தாலும் தொடுவதில்லை என்று முடிவுகட்டினார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அக்கம்பக்கத்துக்கு ஒரு வார்த்தை தெரியாது. அப்படியே இருவருக்கும் வயதாகிவிட்டது.

அப்போதுதான் சிவன் யோகி வேடத்தில் வந்து ஓர் ஓட்டைக் கொடுத்து வைக்கிறார். பிறகு அதை மறையச்செய்து, நீதான் திருடினாய் என்று வழக்காடுகிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குப் போய், மூழ்கித்தான் ஆகவேண்டும் என்று தீர்ப்பாகிறது. கையைத் தொட முடியாதே! மூங்கில் கழி ஒன்றின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறார்கள். எழும்போது முதுமை போயிருந்தது. தை விசாகத்தன்று இந்நிகழ்ச்சி இன்றும் அங்கே விழாவாக நடக்கிறது.

நமக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு முழுக்கு மட்டும். எனக்கோ அதற்கு முன்னால் கழிந்த அத்தனை ஆண்டுகள்தான் கதை. கோபமும் வைராக்கியமும் இருந்தும் வீடு உடையவில்லை, திருவோடு கொடுப்பதும் நிற்கவில்லை. இளமை அவர்கள் கேட்டு வாங்கியதும் அல்ல.

இதே கடலூர் மாவட்டத்தில் இன்னொரு கிழவர் உண்டு. அவருக்கு இளமை திரும்பவே இல்லை. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சமணத்தில் தருமசேனர், சைவத்துக்குத் திரும்பியபின் திருநாவுக்கரசர். அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும், அந்தக் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரைசேர்ந்தார் என்றும் புராணம் சொல்கிறது. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இன்றைக்கும் இருக்கிறது.

தில்லையில் தங்கியிருந்தபோது சீர்காழியில் சம்பந்தர் என்றொரு குழந்தை ஞானப்பால் குடித்துப் பாடுகிறது என்று அவர் காதில் விழுந்தது. இன்றைய சாலையில் இருபது கிலோமீட்டர் அளவு. கிளம்பிப் போய்விட்டார். பேரன் வயதுப் பிள்ளை காலில் விழுந்தார். பிள்ளை அவரை 'அப்பரே' என்று அழைத்தது. பிற்பாடு திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் வந்தபோது, கூட்டத்துக்குள் புகுந்து அவர் பல்லக்கைச் சுமப்பவர்களில் ஒருவராகத் தோள்கொடுத்தார். அப்பர் எங்கே என்று பிள்ளை கேட்க, கீழேயிருந்து பதில் வந்தது. வயதில் மூத்தவருக்கு முன்வரிசை நாற்காலி போடாவிட்டால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

பஞ்சகாலத்தில் திருவீழிமிழலையில் இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது, அடியார்களுக்குச் சோறிட. அப்பர் மடத்தில் உலை சீக்கிரம் கொதித்தது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், கடைவீதியில் சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடிக்கிறார்கள், மாற்றுக் குறைவு என்று. அப்பர் காசு முழு மதிப்புக்குப் போகிறது. காரணமும் சொல்லியிருக்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்: அப்பர் கைத்தொண்டு செய்கிறவர். பாட்டு இருவருக்கும் பொது. உழவாரப்படையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியவர் கிழவர் ஒருவர்தான். முதுமையைப் பற்றித் தமிழில் இதைவிட நேரான கணக்கு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கும் வீம்பு உண்டு. கயிலை மலையைப் பார்த்தே தீருவேன் என்று வடக்கே நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் புரண்டார். திரும்பிப் போ என்று சிவனே முனிவர் வேடத்தில் வந்து சொன்னபோதும் கேட்கவில்லை. பிறகு அசரீரி கேட்டது, காயங்கள் ஆறின. அங்கிருந்த பொய்கையில் மூழ்கினார், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். இந்தக் கதையிலும் குளம் உண்டு, முழுக்கு உண்டு. ஆனால் எழுந்தவர் அதே முதியவர். கயிலையை அவர் கண்டது சோழநாட்டு ஊரில், இணை இணையாக நடமாடிய யானையிலும் கோழியிலும். தேய்ந்த உடம்புக்கு எட்டுகிற தூரத்தில் காட்சி வந்து சேர்ந்தது. அதன் பிறகும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் செதுக்கியபோது பொன்னும் மணியும் கிளம்ப, பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். வாழ்ந்தது 81 ஆண்டு என்பது மரபு.

புராணம் போதும், கணக்கைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டே 60 ஆனது. 65 தாண்டியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு நிறுத்தவில்லை, விழாமல் நிற்பதற்கான பயிற்சியும் தசைக்கு வேலையும் சேர்த்துச் சொல்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் கைவீசி நடக்கிற ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த 150 மனப்பாடம். பின்பாதி பலர் காதில் ஏறவில்லை. உட்கார்ந்து எழுவது, குனிவது, கொத்துவது என்று உழவாரத்தில் அது தானாகவே நடந்துவிடுகிறது.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஊர்களில் இந்த அறிவுரையை யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வயதான பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள், பருப்பில் தோல் உரிக்கிறார்கள். ஓட்டிலுள்ள பால் பட்டுக் கை வெந்துபோகிறது. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண்வெட்டி பிடிக்கிறவர்களிலும் நரைத்த தலைகள் நிறைய. 'சுறுசுறுப்பான முதுமை' என்று இவர்களைப் படம்பிடித்துப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. வேலை செய்யாவிட்டால் சோறில்லை என்பதும், வேலை செய்யாவிட்டால் பொழுது போகவில்லை என்பதும் ஒன்றல்ல. அவர்களுக்கு முதலில் வேண்டியது உயர்த்திய உதவித்தொகையும் உட்கார்ந்தால் முதுகு வலிக்காத இடமும்.

ஓய்ந்து உட்காரவும் ஒரு தெம்பு வேண்டும். எழுத்தாளர் ஜெயகாந்தன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்தவர். எழுதித் தீர்த்த காலத்துக்குப் பின், நீண்ட ஆண்டுகள் கதை அதிகம் எழுதவில்லை. ஞானபீடம் வந்ததுகூட அந்த ஆண்டுகளில்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டுக் கேட்டு வாசகர்கள் ஓய்ந்தார்கள்; அவருடைய சபையும் பேச்சும் ஓயவில்லை. 2015 ஏப்ரலில் மறைந்தபோது 81 நிறைய இரண்டு வாரம் சொச்சம் இருந்தது. எழுதாமல் இருந்ததால் அவருக்குக் கிழடுதட்டிவிட்டது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணி செய்யும் குழுக்கள் இப்போது தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. இளைஞர்களும் பெண்களும் வருகிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் கணிசம். முழங்கால் மடங்குகிறவர்கள் புல் செதுக்குகிறார்கள், மடங்காதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து புளி போட்டு விளக்குத் துலக்குகிறார்கள். அதுவும் ஆகாதவர்கள் எல்லாருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தபடியே, மதில் ஓரத்தில் இன்னும் புல் நிற்கிறது பார் தம்பி என்று வேலையும் வாங்குகிறார்கள்.